சரவுண்ட் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? ஹாலில் ஹோம் தியேட்டர் அமைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தனியாகத் தியேட்டர் அறை கட்டுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். இது ஹாலிலேயே டிவி, சோபா, டைனிங் டேபிள், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, அதற்குள் ஒரு 5.1 செட்டையும் (முன்னால் இடது, சென்டர், வலது, பக்கத்தில் சரவுண்ட் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர், அதோடு பாஸ் எனும் அடிக்கனச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) நுழைக்கப் பார்க்கிறவர்களுக்காக.

ஸ்பீக்கர் வாங்கியாச்சு. முதலில் எதை வைப்பது?

முதலில் சோபாவை வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்தில் சப்வூஃபர், ஷோகேஸில் காலியாக இருக்கும் தட்டில் சென்டர், ஆணி ஏற்கெனவே இருக்கும் சுவரில் சரவுண்ட். படம் பார்க்கிறவரின் காது எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் எல்லா அளவும் அந்தக் காதிலிருந்துதான் தொடங்குகிறது.

சோபாவில் நடு இருக்கையில் சாய்ந்து உட்காருங்கள். வேறொருவரை விட்டு, தரையிலிருந்து உங்கள் காது வரை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 3 முதல் 3½ அடிக்குள் வரும். தரையில் பாய் விரித்துத்தான் படம் பார்ப்பது என்றால் சுமார் 2½ அடி. பெரியவர்கள் சோபாவிலும் பிள்ளைகள் தரையிலும் என்றால், சோபாவுக்கே அமையுங்கள். பிள்ளைகள் எங்கே உட்கார்ந்தாலும் ரசிப்பார்கள்.

5.1-க்கு எந்தக் கோணத்தில் எது இருக்க வேண்டும்?

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.775 என்ற பரிந்துரைதான் இதற்கு அடிப்படை. நீங்கள் டிவியை நேராகப் பார்க்கும் கோடு 0 பாகை. சென்டர் ஸ்பீக்கர் அந்தக் கோட்டில். முன் இடது, முன் வலது இரண்டும் அதிலிருந்து 30 பாகை விலகி. சரவுண்ட் இரண்டும் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது காதுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் பின்னால். டால்பி நிறுவனம் முன் ஸ்பீக்கர்களுக்கு 22 முதல் 30 பாகை வரை இடம் கொடுக்கிறது. சின்ன ஹாலுக்கு அந்தச் சலுகை உதவும்.

சரவுண்ட் ஸ்பீக்கர் முதுகுக்குப் பின்னால், அறையின் பின் மூலையில்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 5.1-இல் அப்படியில்லை. பக்கவாட்டில் நடக்கும் சத்தமும் பின்னால் நடக்கும் சத்தமும் அதே இரண்டு ஸ்பீக்கரிலிருந்துதான் வர வேண்டும். பின் மூலைக்குக் கொண்டுபோனால் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே பெரிய ஓட்டை விழும். திரையில் இடப்பக்கம் வெளியேறிய ஆட்டோ, காதைக் கடக்காமல் திடீரென்று முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

கோணத்தை எப்படி அளப்பது? என்னிடம் ஒன்றும் இல்லையே.

ஒரு நூல் போதும். நடு இருக்கையில் தலை இருக்கும் இடத்திலிருந்து இடது ஸ்பீக்கர் வரை நூலை இழுத்து அந்த நீளத்தில் வெட்டுங்கள். அதே நூல் வலது ஸ்பீக்கருக்கும் சரியாக எட்ட வேண்டும். பிறகு அதை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். அங்கேயும் சரியாக இருந்தால் அது சமபக்க முக்கோணம், 30 பாகை வந்துவிட்டது. நீங்கள் 9 அடி தள்ளி உட்கார்ந்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 9 அடி வேண்டும். அவ்வளவு அகலம் இல்லையென்றால் 6¾ அடி வரை குறைக்கலாம், அது 22 பாகை. அதற்கும் கீழே போனால் மூன்று முன் ஸ்பீக்கரும் ஒன்றாகக் குவிந்து, ஐந்து ஸ்பீக்கர் வாங்கியதற்கே அர்த்தம் இருக்காது.

சரவுண்டுக்கு இன்னும் சுலபம். உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். அது 90 பாகை. பக்கச் சுவர் உங்களிடமிருந்து 5 அடி தூரத்தில் இருந்தால், கை காட்டும் இடத்திலிருந்து சுவரோடு ஒன்றே முக்கால் அடி பின்னால் போங்கள். 110 பாகை கிடைத்துவிடும். அங்கே பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ஒன்றிரண்டு அங்குலத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சென்டர் ஸ்பீக்கரை டிவி யூனிட்டுக்குள் வைத்திருக்கிறேன். வசனம் தெளிவாக இல்லை.

வசனத்தின் பெரும்பகுதி அந்த ஒரு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதைப் பெட்டிக்குள் பெட்டியாக வைத்தால், மேல் பலகையிலும் கீழ் பலகையிலும் மோதி, குடத்துக்குள் வாய் வைத்துப் பேசுவதுபோல்தான் கேட்கும்.

முதலில் ஸ்பீக்கரின் முகம் பலகையின் விளிம்புக்கு வர இழுங்கள். விளிம்பைத் தாண்டி அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் தவறில்லை. அப்புறம் அது காதைப் பார்க்க வேண்டும். டிவிக்குக் கீழே இருக்கும் சென்டர் வழக்கமாக உங்கள் முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். முன்பக்க அடியில் ரப்பர் புஷ் இரண்டை ஒட்டி முகத்தைத் தூக்கிவிடுங்கள். சோபாவில் உட்கார்ந்து, ஸ்பீக்கரின் மேல்பலகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தூக்கினால் கிட்டத்தட்ட சரி.

இதற்குப் பிறகும் புரியவில்லை என்றால் மட்டும் ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் பெட்டி) சென்டர் அளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். பலர் இதை முதலில் செய்துவிடுகிறார்கள். அப்போது தெளிவில்லாத வசனம் சத்தமாகக் கேட்கும்.

டிவியைச் சுவரில் ரொம்ப உயரத்தில் மாட்டியிருந்தால் சென்டருக்கு எங்கே வைத்தாலும் கஷ்டம்தான். டிவியை இறக்க வாய்ப்பிருந்தால் இறக்குங்கள். கழுத்தும் நன்றி சொல்லும்.

சோபா பின்சுவரோடு ஒட்டி இருக்கிறது. சரவுண்டை எங்கே வைப்பது?

நம் ஹால்களில் பாதி இப்படித்தான். பின்னால் இடமே இல்லாதபோது 110 பாகையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். பக்கச் சுவர்களில் 90 முதல் 100 பாகைக்குள், காதுக்கு நேராக அல்லது ஒரு கை அளவு பின்னால் மாட்டுங்கள். பக்கச் சுவர் மிக அருகில் இருந்தால், ஓர இருக்கையில் இருப்பவரின் காதிலேயே ஸ்பீக்கர் கத்தும். அப்போது காது மட்டத்திலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயர்த்தி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும்படி கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்புங்கள். சத்தம் தலைக்கு மேல் கடந்து அடுத்த ஆளிடம் போகும்.

பின்சுவரில் தலைக்கு மேலே இரண்டு ஸ்பீக்கரை மாட்டுவதை மட்டும் தவிருங்கள். ஒவ்வொரு சத்தமும் பின்னந்தலையில் தட்டும்.

முடிந்தால் சோபாவை ஒரு அடியாவது சுவரிலிருந்து இழுத்துப் போடுங்கள். பாஸ் சத்தம் சுவரோரத்தில் எப்போதும் அதிகமாகத் திரளும். ஒரு அடி நகர்ந்தாலே குமுறல் குறைவது தெரியும்.

ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் டைனிங்குக்குத் திறந்திருக்கிறது. என்ன செய்வது?

திறந்த பக்கத்துக்கு ஸ்டாண்ட்தான் தீர்வு. அது நடைபாதையில் வரும், குழந்தை தட்டிவிடும் என்பதெல்லாம் உண்மை. அதற்குத் தயங்கினால் கூரையிலிருந்து கம்பியில் இறக்கித் தொங்கவிடலாம். எந்த வழியானாலும் சுவர்ப்பக்கம் இருக்கும் ஸ்பீக்கரும் திறந்த பக்க ஸ்பீக்கரும் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் இருக்கட்டும். தூரம் வேறுபட்டால் பரவாயில்லை, ரிசீவர் அதைச் சரிசெய்யும். சத்தம் ஒரு அடி கடக்க ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. 4 அடியில் இருக்கும் ஸ்பீக்கரை 8 அடியில் இருக்கும் ஸ்பீக்கருக்காகக் கொஞ்சம் காத்திருக்க வைப்பது ரிசீவருக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் தப்பான கோணத்தை எந்த ரிசீவராலும் திருத்த முடியாது.

இன்டீரியர்காரர் ஐந்து ஸ்பீக்கரையும் ஃபால்ஸ் சீலிங்கில் வைக்கலாம் என்கிறார். பார்க்கவும் அழகாக இருக்குமாம்.

அழகாகத்தான் இருக்கும். ஆனால் வேண்டாம். டிவியில் பேசுகிறவரின் வாய் ஒரு இடத்தில், குரல் கூரையிலிருந்து. முதல் பத்து நிமிடம் வித்தியாசமாக இருக்கும், பிறகு எரிச்சலாக இருக்கும். கண்ணும் காதும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் படம் நம்பும்படி இருக்கிறது. முன் மூன்று ஸ்பீக்கரும் திரையைச் சுற்றி, கூடியவரை காது மட்டத்தில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

ஸ்பீக்கர் கண்ணில் படக் கூடாது என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால், டிவி இருக்கும் சுவரில் பேனலிங் செய்து அதற்குள் பதிக்கும் இன்-வால் ஸ்பீக்கர் மூன்று கேளுங்கள். சரவுண்ட் இரண்டும் கூரைக்குப் போவதை வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். பின்னாளில் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பி முறை) சேர்க்கும் ஆசை இருந்தால் அதுவும் கூடாது. மேலே இருக்க வேண்டியதும் பக்கத்தில் இருக்க வேண்டியதும் ஒரே தளத்தில் இருந்தால் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சப்வூஃபர் எங்கே வைத்தாலும் ஒன்றுதானே?

கடைக்காரர்கள் சொல்லும் பாதி உண்மை இது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது. அந்த வகையில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் அறை கண்டுபிடித்துவிடும்.

14 அடி நீளமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். சுமார் 40 ஹெர்ட்ஸில் அந்த நீளத்துக்குள் அரை அலை கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தச் சத்தம் இரண்டு முனைச் சுவர்களிலும் உச்சத்தில் இருக்கும், நட்ட நடுவில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். 10 அடிக்கு இதே சங்கதி சுமார் 56 ஹெர்ட்ஸில் நடக்கும். இப்போது நம் பத்துக்குப் பத்து அறையை யோசியுங்கள். உயரமும் பத்தடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் 56 ஹெர்ட்ஸையே பிடித்துக்கொண்டு நிற்கும். வெடி வெடித்தாலும், லாரி போனாலும், தவில் அடித்தாலும் ஒரே ‘தொம்’. சப்வூஃபர் மட்டம் என்று திட்டி விற்றவர்கள் உண்டு. பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

இடத்தைக் கண்டுபிடிக்கப் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபா இருக்கையின் மேல் வையுங்கள். பாஸ் ஏறி இறங்கி வரும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். அப்புறம் சுவரோரமாக மண்டியிட்டுத் தவழ்ந்து, தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டே போங்கள். சில இடத்தில் காது அடைக்கும், சில இடத்தில் பாஸே இருக்காது. எங்கே எல்லாச் சுரமும் ஏறத்தாழ ஒரே அளவில், தனித்தனியாகக் கேட்கிறதோ அதுதான் சப்வூஃபரின் இடம். சத்தம் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றுதான் என்பதால், அங்கிருந்து அது சோபாவுக்கும் அப்படியே கேட்கும். வீட்டில் பார்ப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

தவழ முடியாது என்றால், முன்சுவரில் சென்டருக்கும் ஓர ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்துத் தொடங்குங்கள். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், கூடவே குமுறலும் வரும். சத்தம் போதாத சின்ன சப்வூஃபருக்கு மட்டும் மூலை நல்லது.

அபார்ட்மென்ட். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார்.

தட்டத்தான் செய்வார். கான்கிரீட் தளம் குரலைத் தடுக்கும், பாஸைக் கடத்தும். சப்வூஃபருக்கு அடியில் கனமான ரப்பர் அல்லது ஃபோம் பேட் போட்டால் தளத்துக்கு நேரடியாக இறங்கும் அதிர்வு குறையும். காற்றில் போகும் சத்தம் அதனால் நிற்காது. பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரிலிருந்து சப்வூஃபரையும் ஸ்பீக்கர்களையும் விலக்குங்கள். இரவில் ரிசீவரின் நைட் மோடைப் போடுங்கள். அது வெடிச் சத்தத்தை அமுக்கி வசனத்தைத் தூக்கும்.

ஹாலில் எதிரொலி. சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். அந்த மெல்லிய காகிதம் மிக உயர்ந்த சுருதிகளைத் தவிர எதையும் உறிஞ்சாது. அதோடு தீப்பற்றும். தெர்மகோலும் இதே கதைதான்.

ஹால் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். ‘டிர்ர்’ என்று ஒரு வால் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் பந்தாடப்படுகிறது. தரையில் டைல்ஸ், சுவரில் பூச்சு, மேலே கான்கிரீட், ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல் என்றிருக்கும் வீட்டில் இது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே தரையில் தடித்த விரிப்பு, பக்கச் சுவரில் ஒரு புத்தக அலமாரி. இந்த மூன்றிலேயே பாதிப் பிரச்சினை தீரும். பவானி ஜமக்காளம் ஒன்று விரித்தால் டைல்ஸின் பளீர் சத்தம் கொஞ்சம் மட்டுப்படும். ஆனால் அது மெல்லியது, ஆண் குரல் கனத்துக்குக் கீழே அதனால் ஒன்றும் ஆகாது. இரண்டாக மடித்து விரித்தால் சற்று மேல்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால் துணி போர்த்திய, 2 அங்குலக் கனமுள்ள ராக்வூல் (பாறையிலிருந்து செய்த இழைப் பஞ்சு) பேனல் வாங்குங்கள். ஒட்டும் இடத்துக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் சோபாவில் இருங்கள், ஒருவர் பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் முன் ஸ்பீக்கர் உங்களுக்குத் தெரிகிறதோ, அங்கேதான் அதன் சத்தம் மோதி உங்களிடம் வருகிறது.

5.1 போதுமா, 7.1 போட வேண்டுமா?

சோபாவுக்குப் பின்னால் குறைந்தது 4 அடி காலி இடம் இருந்தால் 7.1 பற்றி யோசியுங்கள். 7.1-இல் கூடுதலாக வரும் பின் ஸ்பீக்கர் இரண்டும் 135 முதல் 150 பாகைக்குள் வரும். இடம் இல்லையென்றால் அந்தக் காசை நல்ல சென்டருக்குப் போடுங்கள்.

அட்மாஸ்? ஹாலில் சீலிங் ஃபேன் ஓடுகிறதே.

நல்ல கேள்வி. அட்மாஸ் 2012-இல் தியேட்டருக்கும் 2014-இல் வீட்டுக்கும் வந்தது. வீட்டில் இரண்டு வழி. கூரையில் ஸ்பீக்கர் பதிப்பது ஒன்று. முன் ஸ்பீக்கரின் தலையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மேல்நோக்கி வைத்து, கூரையில் பட்டு எதிரொலித்து வரச்செய்வது இன்னொன்று.

இரண்டாவது வழிக்குச் சமதளமான, கெட்டியான கூரை வேண்டும். நம் 10 அடி கான்கிரீட் கூரை அதற்குத் தோதானது. சாய்வான ஓட்டுக்கூரை வேலைக்கு ஆகாது. ஃபேன்தான் வில்லன். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் பாதித் தூரத்தில்தான் சத்தம் கூரையில் படும், சரியாக அந்த இடத்தில்தான் பல வீடுகளில் ஃபேன் சுற்றும். ஏசி போட்டு ஃபேனை நிறுத்திப் படம் பார்ப்பவர் என்றால் பெரிய பாதிப்பில்லை. ஃபேன் இல்லாமல் முடியாது என்றால் கூரையிலேயே பதியுங்கள். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் என்றால் தலைக்கு நேர் மேலேயோ ஒரு அடி முன்னாலேயோ, முன் இடது வலது ஸ்பீக்கர்களின் அகலத்தில் வரட்டும். அட்மாஸ் போட்டால் சரவுண்ட் இரண்டையும் காது மட்டத்துக்கு இறக்குங்கள்.

ஒயர் விஷயத்தில் கவனிக்க என்ன இருக்கிறது?

விலை உயர்ந்த ஒயர் வேண்டாம். முழுச் செம்பில் 1.5 சதுர மில்லிமீட்டர் போதும், பின்னால் 30 அடிக்கு மேல் ஓடினால் 2.5. புது வீடு கட்டுகிறவர்கள் ஸ்பீக்கருக்கென்று தனி பிவிசி பைப் போடச் சொல்லுங்கள். மின்சார ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க எலக்ட்ரீஷியனை விடாதீர்கள்.

பிளஸ், மைனஸ் மாறினால் ஸ்பீக்கர் கெடாது, ஆனால் பாஸ் மெலிந்து, நடுவில் வர வேண்டிய குரல் எங்கேயோ மிதக்கும். சுவருக்குள் போன ஒயரில் சந்தேகம் வந்தால், ரிசீவர் முனையில் இரண்டு நுனியையும் கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை அவற்றில் ஒரு கணம் தொடுங்கள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் குதித்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட நுனிதான் பிளஸ். உள்ளே போனால் மாற்றுங்கள்.

ரிசீவரோடு மைக் வந்திருக்கிறது. அதுவே எல்லாவற்றையும் சரிசெய்யாதா?

மைக் வைத்து ரிசீவர் தானே அளந்து சரிசெய்யும் வசதி இது, டெனானில் ஆடிசி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். தூரத்தையும் அளவையும் நன்றாகவே பிடிக்கும். இடம் சரியாக அமைந்த பிறகு ஓட்டினால் பயன் அதிகம். மைக்கைச் சோபாவின் மேல் வைக்காமல் ஒரு கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசியை அணைத்து, குக்கர் விசில் அடிக்காத நேரமாகப் பாருங்கள். முடிந்த பிறகு மெனுவுக்குள் போய் ஒன்றைச் சரிபாருங்கள்: சின்ன ஸ்பீக்கர்களை அது ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

எல்லாம் செய்தாச்சு. பின்னால் ஒன்றுமே கேட்கவில்லை!

முதலில் ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓட்டுங்கள். ஐந்திலும் சத்தம் வந்தால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. டிவியின் ஆடியோ அமைப்பில் ‘பிசிஎம்’ என்றிருந்தால் பல டிவிகள் இடது, வலது என இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் அனுப்பும். அதை ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ் த்ரூ’ ஆக்குங்கள். ஹெச்டிஎம்ஐ ஒயர் டிவியில் ‘ஆர்க்’ என்று குறித்த துளையில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடும் படம் 5.1-இல் இருக்கிறதா என்று ஓடிடி செயலியிலேயே குறித்திருப்பார்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் விலை குறைந்த 5.1 செட்களில் புளூடூத்திலோ, சிவப்பு-வெள்ளை ஒயரிலோ இணைத்தால் உள்ளே போவதே இரண்டு சேனல்தான். அதைத்தான் ஐந்தாகப் பங்கு போட்டுக் கொடுக்கும். அந்த செட்டில் சரவுண்டை எங்கே மாட்டினாலும் ஹெலிகாப்டர் பின்னால் சுற்றாது. ஹெச்டிஎம்ஐயோ ஆப்டிகலோ இருந்து, டால்பி டிஜிட்டலை (5.1 சத்தம் வரும் வடிவம்) ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரிக்கும் வசதியும் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

இன்னொன்று, படத்தில் சரவுண்ட் ஸ்பீக்கர் எப்போதும் பேசிக்கொண்டே இருக்காது. இரண்டு பேர் அறைக்குள் உட்கார்ந்து பேசும் காட்சியில் பின்னால் சன்னமாக ஃபேன் சத்தமோ தெருச் சத்தமோதான் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. சோதித்துப் பார்க்க மழைக் காட்சியோ திருவிழாக் கூட்டமோ உள்ள படத்தைப் போடுங்கள்.